தொண்டைக்குப் பூட்டு

போன மாதம் ஒரு இணைய வானொலியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மரியாதையான குரல். இசையில் புதுப் பாதை போட்டவர்கள் என்று ஏதோ ஒரு தொடர் செய்கிறார்களாம். சாவு வீட்டுக் கானாவை எடுத்து, கம்ப்யூட்டர் இசையில் போட்டு, கல்யாண ஊர்வலம் வரைக்கும் கொண்டுபோகிற அந்த எண்ணம் எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஒரு மனுஷன் செத்துப்போனார், அதனால் நடந்தது என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. போனை வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தார், எடுக்கவில்லை. அவருக்கு வேறு ஆள் கிடைத்திருப்பார். புதுப் பாதை போடுகிறவர்களுக்கா இந்த ஊரில் பஞ்சம்.

அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கண்ணாடி போட்ட கட்டடம் ஒன்றில் மென்பொருள் வேலை, மேனாம்பேட்டில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், கடன், கணவர், ஒரு மகள். இது போக எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. விடுமுறை நாளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் இசை செய்வேன். பாட்டு இல்லாத இசை, நீளமாக இழுத்துக்கொண்டே போகும். என் வீட்டுக்காரர் அதை "ஃபிரிட்ஜ் சத்தம்" என்பார். கோபம் வரும். ஆனால் கேட்டால் அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

செத்துப்போன மனுஷன் என்று சொன்னேனே, எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்குத்தான் அவர் முதலில் பாட வந்தார். கள்ளிக்குப்பத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற வேலை, மற்ற நேரத்தில் கானா. இப்போது ஃபேக்டரி இருக்கிற நிலத்தில்தான் அவருடைய அப்பா அம்மா நாற்று நட்டார்கள் என்று பிறகு ஒரு நாள் போகிற போக்கில் சொன்னார். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் அவரைத் தனியாக அழைத்து, குடும்பங்கள் இருக்கிற இடம், பாட்டெல்லாம் டீசன்ட்டாக இருக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார்.

"சார், நான் டீசன்ட்டு. பாட்டுக்கு நான் கேரன்ட்டி கெடியாது" என்றார் அவர்.

சவுண்டு மிக்ஸரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் நான் உட்கார்ந்திருந்தேன். காதில் அந்தக் குரல் நேராக வந்து விழுந்தது. இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். மேலே ஏறும்போது ஓரிடத்தில் உடையும், உடைந்தது தெரியாத மாதிரி தானே சேர்ந்துகொள்ளும். அந்த உடையும் இடத்தில் சத்தத்தைக் கூட்டினேன். இத்தனை வருஷமாக லேப்டாப்பில் நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்படித்தான் சேர்ந்தோம். அவர் ஷாப்பில் பிரஸ் அடிக்கிற சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு வந்தார். அதைத் துண்டு போட்டுத் தாளமாக்கினேன். நாதஸ்வரத்தின் ஒரே ஒரு மூச்சை நீட்டி அடியில் ஓடவிட்டேன். மேலே அவருடைய கானா. முதல் முறை கேட்டுவிட்டு, "இன்னா தங்கச்சி, சாமி வந்த மாறி கீது. தாங்குமா ஜனம்?" என்றார். மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அன்றைக்குத்தான் தங்கச்சிக்கு மாறினார். ஜனம் தாங்கியது. பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இணையத்தில் ராக் கேட்கிறவர்களும் கானா கேட்கிறவர்களும் ஒரே பாட்டுக்குக் கீழே வந்து சண்டை போட்டுக்கொள்கிற அளவுக்கு ஆனது.

அவருடைய உண்மையான பேர் மேடையில் இல்லை, சாவு வீட்டில்தான் இருந்தது. மரணக் கானா தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் பாட ஆள் கூப்பிடுவார்கள். பாடுகிறவர் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செத்தவரின் கதையை, அவர் பேரை, அவர் விட்டுவிட்டுப் போனவர்களின் பேரைச் சொல்லிப் பாடுவார். பிணத்தைத் தூக்கிய பிறகு மேளம் அடிக்கும், தெருவே ஆடும், அது வேறு. பாட்டு நேரத்தில் யாரும் ஆட மாட்டார்கள். ஒரு தடவை நானும் கூடப் போனேன். செத்தவரின் பேர் வருகிற இடத்தில் அவர் குரலை உடையவிட்டார். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த அந்த வீட்டு அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது, "அதான் தங்கச்சி நம்ம வேல. உள்ள அடச்சி வச்சிகினு கீறாங்க பாரு, அத்தத் தொறந்து உடணும்" என்றார்.

அதற்கப்புறம் ஒரு வருஷத்தில் அவருக்குத் தொண்டை கட்டியது. தகட்டுத் தூசி என்றார், டீ என்றார், ஆவடியில் பாடிய கச்சேரியில் மைக் சரியில்லை என்றார். கட்டியது அவிழவே இல்லை. பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்றுநோய், குரல்வளையையே எடுக்க வேண்டும், எடுத்தால் உயிர் பிழைக்கலாம், பேச்சு வராது என்றார்கள். அவர் மனைவி என்னிடம் போனில் இதைச் சொல்லும்போது அழவில்லை. அவர் ஏற்றுமதித் துணி கம்பெனியில் பிசிறு நூல் வெட்டுகிற வேலை செய்கிறவர், வேலை நடுவில் பேசினார். "உசுரு கீதுல்லம்மா, அது போதும்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அது போதவில்லை. ஒரு ஆளுடைய குரலைக் கற்றுக்கொண்டு, எழுதிக் கொடுப்பதை அதே குரலில் பாடுகிற மென்பொருள் இப்போது இருக்கிறது. அதற்கு அந்தக் குரல் நிறைய வேண்டும், சுத்தமாக வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் பதிவு எடுத்துவிடலாம் என்றேன். அவருக்கு உடனே பிடித்துவிட்டது. "அப்ப நான் போனாலும் என் கொரலு ஷிஃப்ட்டு பாக்கும்" என்றார்.

படுக்கையறையில் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தோம். எதிரொலி வராமல் இருக்க பீரோவைத் திறந்து சேலைகளைத் தொங்கவிட்டோம். பட்டாபிராம் ரயில் போகும்போதும் மாடி வீட்டுக் குக்கர் விசிலடிக்கும்போதும் நிறுத்தி நிறுத்தி எடுத்தோம். பிறந்தநாள் பாட்டு, கல்யாணப் பாட்டு, காதல் பாட்டு, ஃபுட்பால் பாட்டு, சும்மா கிண்டல் பாட்டு எல்லாம் பாடினார். தொண்டை வலிக்கும். வெந்நீர் குடித்துவிட்டு மறுபடியும் பாடுவார். என் மகள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருப்பாள்.

கடைசியில், "அண்ணே, சாவுப் பாட்டு ஒண்ணு பாடுங்க. அதுலதான் உங்க குரலே இருக்கு" என்றேன்.

"அது முடியாது."

"ஒரே ஒரு தடவண்ணே."

"சாவு இல்லாத ஊட்டுல அத்த எடுக்கக் கூடாது தங்கச்சி. எடுத்தா அது ஆளத் தேடும். உன் புள்ள அந்த ரூம்ல தூங்கிகினு கீது."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. என் மகளுக்கு ஒன்றும் ஆகாது என்றேன், வேறு எங்காவது வாடகைக்கு இடம் பிடிக்கலாம் என்றேன். எந்த இடமும் யாரோ ஒருவர் வீடுதானே என்றார். சரி, எங்காவது சாவு வீட்டில் பாடும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அங்கே அழுகைச் சத்தமும் சேர்ந்து வருமே, மெசினுக்கு ஆகுமா என்று கேட்டார். ஆகாதுதான். போனில் யார் யாரோ எடுத்த பழைய வீடியோக்கள் இருந்தன, எல்லாவற்றிலும் அழுகை அவர் குரலைவிடப் பெரிதாக இருந்தது. அவர் அசையவில்லை. நாள் நெருங்கிவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தது. என் பிள்ளைக்காக அவர் தன் குரலில் பாதியை விட்டுக்கொடுக்கிறார் என்பது அந்த எரிச்சலில் எனக்கு உறைக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் மேல் ஒரு துணி. மூச்சு அந்த வழியாக வரும்போது சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். பேச வேண்டியதைப் போனில் அடித்துக் காட்டுவார்.

இயந்திரம் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தது. அவர் வரிகளை அனுப்புவார், நான் மெட்டைப் போட்டுக் கொடுப்பேன், அது பாடும். முதல் தடவை கேட்டபோது அவர் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். அண்ணன் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு போனில் அடித்துக் காட்டினார்: "என் வாயி இப்ப உன் மடியில கீது, பாத்து."

அந்த ஒரு வருஷம்தான் நாங்கள் நிறையப் பாட்டு செய்தோம். மேடையில் அவர் தண்ணீர் கேனைக் கவிழ்த்துத் தட்டுவார், லேப்டாப் அவர் குரலில் பாடும். சிலர் அதைப் பார்த்து, வாயைத் திறக்காமலே பாடுகிறார் என்று அதிசயப்பட்டார்கள். ஒரு ஆள் ஏமாற்று வேலை என்று கத்தினான். அவர் கழுத்துத் துணியை விலக்கிக் காட்டினார்.

பிறகு நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை எடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்றார்கள்.

ஒரு நாள் அவரிடமிருந்து ஒரு பாட்டு வந்தது. தனக்கே எழுதிய மரணக் கானா. கூடவே ஒரு வரி: "ஊருக்கெல்லாம் பாடுனேன். எனக்கு நான் பாடணும். நீதான் பாட வைக்கணும்." அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். பாட்டின் தொடக்கம் இது:

ஊருல எத்தினி சாவு, அத்தினிக்கும் பாட்டு,
என் சாவுக்குப் பாட்டு ஏது, தொண்டைக்குப் பூட்டு.
மால போட்டுக் கெடக்குறேன், எயுப்பாதடி இனி,
மார்ல அடிச்சி அழுவுறாளே, அவளக் கொஞ்சம் கவனி.

அடுத்த சரணத்தில் அவர் மனைவியின் பேர் வரும். அதை இங்கே எழுத மாட்டேன். ஊரே பாடிக் கெடுத்தது போதும்.

இயந்திரத்துக்குக் கொடுத்தேன். பாடியது. அவருடைய குரல்தான், அவருடைய உச்சரிப்புதான், ஆனால் சிரித்துக்கொண்டு பாடியது. அது கற்றதெல்லாம் கல்யாணமும் பிறந்தநாளும் கிண்டலும். குரல் உடைகிற இடம் அதற்குத் தெரியவே தெரியாது. வேகத்தைக் குறைத்தேன், சுருதியை இறக்கினேன், மூச்சுச் சத்தத்தைச் சேர்த்தேன். மெதுவாகச் சிரித்தது, ஆழமாகச் சிரித்தது. பழைய வீடியோக்களிலிருந்து அவர் குரலை மட்டும் பிரித்தெடுக்கப் பார்த்தேன். யாரோ ஒரு பெண்ணின் அழுகை அவர் தொண்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை எடுத்தால் அவரும் போய்விட்டார்.

கள்ளிக்குப்பத்துக்குப் போய் அவருக்குப் போட்டுக் காட்டினேன். கட்டிலில் சாய்ந்தபடியே கேட்டார். கேட்டுவிட்டு போனில் அடித்தார்: "செத்தவன் சிரிக்கிறான்."

"சரி பண்ணிடறேண்ணே" என்றேன்.

"பண்ணு. சொணங்காத" என்று அடித்தார்.

அலுவலகத்தில் விடுப்பு போட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: அழுகிற குரல் கொஞ்சமாவது வேண்டும், இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது. நான் இன்னும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே அவர் மனைவி போன் செய்தார். "எடுத்துகினு வாம்மா" என்றார். அவர் போய்விட்டார் என்று புரிந்தது, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தெருவில் பந்தல் போட்டிருந்தது. காலை வெயில் ஏறியிருந்தது. அவர் பாடிய வீடுகளிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தார்கள், எல்லாரும் உட்கார்ந்து அழக் காத்திருந்தார்கள். வேறு கானாக்காரர்கள் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். நாங்க பாடறோம் என்று ஒருவர் கேட்டாராம், அவுரே பாடப் போறாரு என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். அந்த அம்மா ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இருந்ததில் எது கொஞ்சம் பரவாயில்லையோ அதைப் போட்டேன்.

முதல் வரிக்குக் கூட்டம் சில்லிட்டுப்போனது. பெட்டிக்குள் அவர், வெளியே அவர் குரல். இரண்டாவது வரியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குரலை எங்கே கேட்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மன் கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் கேட்ட குரல் அது, சாவு வீட்டில் கேட்ட குரல் இல்லை. சிலர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். மனைவி பேர் வந்தபோது அது ஒரு துள்ளு துள்ளியது. பந்தல் ஓரத்தில் நின்ற சின்னப் பிள்ளைகள் ஆட ஆரம்பித்தன. அதுகளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் குரல் கேட்டால் ஆட வேண்டும் என்றுதான் அதுகளுக்குத் தெரியும்.

அவர் மனைவி கையைத் தூக்கினார். நிறுத்தினேன்.

அதற்கப்புறம் யாரும் பாடவில்லை. வேறு யாரும் பாட வேண்டாம் என்று அவர் மனைவிதான் சொல்லியிருந்தார், அதை மாற்றிச் சொல்ல அந்த நேரத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. ஊர்ச் சாவுக்கெல்லாம் பாடியவர் பாட்டில்லாமல் போனார். அவர் மனைவி அன்றைக்கு அழவே இல்லை. நான் அழுதேன், அது யாருக்கு வேண்டும்.

படம் எடுத்தவர்களில் யாரோ அதை இணையத்தில் போட்டார்கள். செத்தவர் தன் சாவுக்குத் தானே பாடுகிறார் என்று தலைப்பு. ஆட்டம் போட்ட பிள்ளைகளையும் சேர்த்துத்தான். அதை யாரோ எடுத்து வேகமான அடி போட்டார்கள். இன்னொருவர் அதில் ராப் சேர்த்தார். இன்னொருவர் பேண்டு வாத்தியம் சேர்த்தார். எல்லாமே நன்றாக இருந்தன, அதுதான் வயிற்றெரிச்சல். நீக்கச் சொல்லி நான் எழுதி எழுதிப் பார்த்தேன். ஓரிடத்தில் எடுத்தால் வேறு இடத்தில் முளைத்தது. பாட்டில் செத்தவர் யார், எங்கே, என்ன நோய் என்பதெல்லாம் உதிர்ந்துவிட்டது. "தொண்டைக்குப் பூட்டு" என்கிற இடத்தில் கழுத்தில் கையை வைத்துச் சாவி திருப்புகிற மாதிரி ஒரு ஆட்டம் வந்தது. குமணன்சாவடியில் ஒரு கல்யாண ஊர்வலம் சாலையை மறித்து நின்றபோது பஸ்ஸிலிருந்து நானே பார்த்தேன். மாப்பிள்ளை மாலையோடு கழுத்தில் சாவி திருப்பினார். பெண் வெட்கப்பட்டுக்கொண்டே திருப்பினாள். என் பக்கத்துச் சீட்டு அம்மா காலால் தாளம் போட்டார். நான் அங்கேயே இறங்கி நடந்தேன்.

என் மகளும் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் ஆடினாள். அதட்டினேன். ஏன் என்று கேட்டாள்.

அவர் போய் பல மாதம் கழித்து ஒரு நாள் பகலில் அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். கையில் சாப்பாட்டுப் பை, மத்தியான ஷிஃப்டுக்குப் போகிற வழி. குரலை அழிக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கம்பெனியில் கூட வேலை செய்கிற பெண்கள் அந்த மெட்டிலேயே தன் பேரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். கெட்ட எண்ணத்தில் இல்லையாம், பெருமையாகத்தானாம்.

"உக்காருங்க அண்ணி" என்றேன். உட்காரவில்லை.

"புள்ள எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"வர நேரமாவுமா?"

"ஆகும் அண்ணி."

"அப்ப அந்த ரூமத் தொற" என்றார்.

மெத்தையை அவரே தூக்கிச் சுவரில் சாய்த்தார். எங்கே சாய்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் எல்லாவற்றையும் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார் போல.

"அவுரு கொரலுக்கு அழுவத் தெரியலன்னுதான சொன்ன. அழுவுற கொரலு கொஞ்சம் வேணும்னு. நான் அழுவுறேன். அத்த மெசினுக்குக் குடு. அது கத்துக்கட்டும். அப்பறம் அவுரு பாட்ட அவுருக்கு ஒரு தரம் ஒயுங்காப் போடலாம். நான் மட்டும் கேட்டாப் போதும்."

ஒருவர் அழுகையை இன்னொருவர் குரலுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று அப்போது எனக்குத் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆனால் முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை ஓடவிட்டேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திரையில் கோடு அசையாமல் ஓடியது. அவர் மூச்சு கேட்டது, மாடியில் குக்கர் கேட்டது. ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வாயைத் திறந்து, தன் கணவர் பாட்டின் முதல் வரியை மெல்ல எடுத்தார். எடுத்ததுமே அது துள்ளியது. நிறுத்தினார். மறுபடி எடுத்தார். மறுபடியும் அதே துள்ளல். தன் பேர் வருகிற இடத்துக்குப் போய்ப் பார்த்தார். கம்பெனியில் அவரைக் கூப்பிடுகிற மாதிரியே வந்தது. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார்.

பிறகு கையை எடுத்தார். முகம் காய்ந்துதான் இருந்தது.

"எனுக்கும் அப்டித்தாம்மா வருது" என்றார்.

பதிவை நிறுத்தினேன். அவர் மெத்தையை இறக்கிக் கட்டிலில் சரியாகப் போட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.